கும்பளத்தில் கடைசிக் கர்டர் இறங்கிய நாள்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனி மாதம். செங்கோட்டையிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து, எறணாகுளத்தில் படகேறி, காலை ஏழு மணிக்கு என் தம்பி தங்கியிருந்த மட்டாஞ்சேரியின் படகுத்துறையில் இறங்கினேன். முருகேசன் கரையில் காத்திருந்தான். எறணாகுளம் பட்டணத்தைச் சுற்றிப் புதிதாகப் போடும் பைபாஸ் சாலையில் அவனுக்குப் பாலம் கட்டும் வேலை. முந்தின மாதம் சாரம் சரிந்து காயலில் விழுந்திருக்கிறான். பத்து நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவனைக் கையோடு கூட்டிப்போகவே வந்திருந்தேன்.

"முதல்ல சாயா குடி அக்கா. இன்னைக்குக் கடைசிக் கர்டர் வைக்கோம். அதைப் பாத்துட்டு என்னைத் திட்டு" என்றான்.

எட்டு மணிக்கு பஸ். கடைத்தெருவில் மிளகு மூட்டை லாரிகள் நகரவேயில்லை. எறணாகுளத்துக்குள் அதைவிட நெரிசல். வைற்றிலா போய்ச்சேரவே பத்தாகிவிட்டது. அங்கே பஸ்ஸைவிட்டு இறங்கியதும் மலைத்து நின்றேன். சதுப்பையும் தென்னந்தோப்பையும் பிளந்துகொண்டு, கண்ணுக்கெட்டிய மட்டும் நேர்கோடாக ஒரு செம்மண் மேடு. எங்கள் ஊர்த் தேரோடும் வீதியைப் போல மூன்று மடங்கு அகலம்! மண் ஏற்றிப்போன லாரியில் தொற்றிக்கொண்டு கும்பளம் தீவுக்கு எதிரே காயலோரம் சேர்ந்தோம்.

பதினொன்றரை மணி. நீருக்குள்ளிருந்து வரிசையாகத் தூண்கள் எழுந்து நின்றன. அவற்றின் மேல் ஓர் இரும்புச் சட்டம். அதில் பனைமரம் நீளத்துக்கு ஒரு கான்கிரீட் உத்தரம், அதுதான் கர்டர், தொங்கியது. முருகேசன் இரண்டு கொடிகளோடு தூண் உச்சிக்கு ஏறினான். அவன் பச்சையை அசைத்தால் கர்டர் ஓர் அங்குலம் இறங்கும். சிவப்பைத் தூக்கினால் நிற்கும். கரையில் நூறு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை அது காற்றில் லேசாகத் திரும்பியது. சிவப்பு! ஒரு நிமிஷம். மறுபடி பச்சை. மெல்ல, பூ வைப்பதுபோல, அவ்வளவு பெரிய பாரம் தூணில் உட்கார்ந்தது.

கர்டர்கள் மேல் நடக்கப் பலகைகள் போட்டதும் தீவுப் பக்கத்திலிருந்து முதல் ஆளாக ஒரு நடுவயதுப் பெண் நடந்துவந்தாள். பெயர் அன்னம்மா.

"நிங்களுடெ தம்பியா கொடி காட்டினது?" என்றாள். "என் புருஷனுக்கு நெஞ்சுவேதனை வந்தப்போ தோணி கிடைக்க ரெண்டு மணிக்கூர் ஆயி. கரை சேரும்முன்னே போயி."

கர்டரைக் குனிந்து தொட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள்.

நான்கு மணிக்கு முருகேசனைக் கேட்டேன்: "ஊருக்கு வாரியாடே?"

"அரூர்ல கட்ட இன்னொரு பாலம் இருக்குக்கா."

அன்னம்மாவை நினைத்தேன். அவனைத் திட்டாமல் நேரே மேஸ்திரியிடம் போனேன். "இடுப்புல கயிறு கட்டாம இவனை மேல ஏத்தாதீங்க" என்றேன். அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. அன்று மாலையே எல்லாருக்கும் கயிறு எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் தனியாகத் திரும்பினேன். பஸ் ஆரியங்காவு மலைப்பாதையில் வளைந்து இறங்கியது. எத்தனையோ தடவை அந்த வழியில் தூங்கிக்கொண்டே போயிருக்கிறேன். அந்த முறை தூக்கம் வரவில்லை. ஒவ்வொரு பாலம் கடக்கும்போதும் சன்னலுக்கு வெளியே எட்டி, அதன் தூண்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.