எடை மேடை பாலன் வாங்கிய வில்

பாலனை ஏமாற்றிவிட்டுப் போனவர் யாரும் இல்லை என்பது புக்கிட் ரோத்தான் வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வாங்கும் இடத்தில் எடை மேடைக்கு அவர்தான் பொறுப்பு. லோரி மேடையில் ஏறி நின்றதும் எடை பார்க்கும் கூண்டை விட்டு இறங்கி வந்து அதை ஒரு சுற்றுச் சுற்றுவார். குலைகளுக்கு அடியில் மணல் கிடக்கிறதா, ஓட்டுநர் நிஜமாகவே இறங்கிவிட்டாரா என்று பார்ப்பார். எந்தத் தோட்டத்துப் பழம் என்று கேட்டு, பதில் வரச் சற்றுத் தாமதித்தாலும் லோரியைத் திருப்பி அனுப்பிவிடுவார். அவருக்கு முன்னால் அந்தக் கூண்டில் இருந்தவர் திருட்டுப் பழத்தை வாங்கிப் போலீஸ் நிலையத்தில் உட்கார நேர்ந்தது. அதற்குப் பிறகு அந்த மனுஷர் ஒரு கல்யாணத்தில்கூடத் தலைகாட்டவில்லை. தனக்கும் அப்படி ஒரு நாள் வந்துவிடுமோ என்ற பயம் பாலனுக்கு எப்போதும் உண்டு.

இந்தப் புத்தி வேலையிடத்தோடு நின்றுவிடவில்லை. மனைவி கண்மணி பார்த்து வாங்கி வந்த மீனின் செவுளை இவர் இன்னொரு தடவை தூக்கிப் பார்ப்பார்.

"என்னையும் ஒரு நாளைக்கி மேடையில ஏத்திப் பாத்துருங்க," என்பாள் அவள்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் வில் ஆசை வந்தது. தஞ்சோங் காராங்கில் ஞாயிற்றுக்கிழமை வில் பழகுகிறவர்களை வேடிக்கை பார்க்கப் போனதில் பிடித்துக்கொண்ட ஆசை. ஃபேஸ்புக்கில் தேடித் தேடி, கெர்லிங்கில் இருக்கும் புவனேசன் என்பவனிடம் பழைய காம்பவுண்ட் வில் ஒன்றை வாங்கினார். இரண்டு முனையிலும் சக்கரம் வைத்தது, கூடவே ஒரு கட்டு அம்பு. புவனேசன் பாலனைவிட அரைத் தலை உயரம்.

"நான்தாண்ணே இத்தன வருசமா அடிக்கிறேன்," என்று சொல்லி வில்லைக் கையில் கொடுத்தான்.

வீட்டுக்குப் பின்னால் பாலன் வில்லைச் சோதிக்கும் வேலையைத் தொடங்கினார். மரச் சட்டத்தில் காகிதத்தை இழுத்து ஒட்டி, அதன் வழியாகப் பின்னாலிருக்கும் சாக்கு மூட்டையில் எய்ய வேண்டும். வில் சரியாக இருந்தால் காகிதத்தில் சின்ன ஓட்டை விழும், இல்லாவிட்டால் நீளமாகக் கிழியும். எய்வதற்கு முன்பே கோளாறு தெரிந்துவிட்டது. நாண் முகத்துக்கு வந்து சேரும் முன்பே நின்றுவிட்டது. அதில் பார்வைக்காகக் கட்டியிருந்த வளையம் அவருடைய மூக்குக்கு நேரே வந்தது. பிடியில் சுற்றியிருந்த நாடாவில் பதிந்த விரல் தடங்களோ குட்டையானவை.

எனக்கே இவ்வளவு குறுக்கிப் பிடிக்கிறது என்றால் அந்த நெட்டையன் இதை எப்படி இழுத்தான்? பாலன் வில்லைக் கீழே வைத்துவிட்டு வேலிப் பக்கம் எட்டிப் பார்த்தார். திருட்டுச் சாமான். திருட்டுச் சாமான் தன் வீட்டில்.

ஆனாலும் ஆசை விடவில்லை. யூடியூபைப் பார்த்துச் சக்கரத்தின் திருகைத் தளர்த்தி, நாண் தன் கன்னத்துக்கு வரும் வரை நகர்த்தி முடுக்கினார். எய்தார். காகிதம் குறுக்கே கிழிந்தது. அம்பு உட்காரும் இடத்தை நகர்த்திவிட்டு மறுபடி எய்தார், மறுபடியும் கிழிந்தது. ஒவ்வொரு கிழிசலுக்கும் புவனேசன்மேல் கோபம் ஏறியது.

"புடிக்கலன்னா திருப்பிக் குடுத்துருங்களேன்," என்றாள் கண்மணி.

"குடுக்குறதா? எங்க எடுத்தான்னு அவன் வாயால சொல்லணும். நாளைக்கி போலீசு நம்ம வாசல்ல வந்து நிக்கும் லா."

வில்லையும் அம்பையும் காரில் போட்டுக்கொண்டு நேரே கெர்லிங்குக்குப் போனார். புவனேசன் கேட்டைத் திறக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"இது உன் வில்லு இல்ல. உன் கைக்கு இது சேரவே சேராது. யாருது இது?"

புவனேசனின் முகம் வெளுத்தது. பிடித்துவிட்டோம் என்று பாலனுக்கு உள்ளுக்குள் திருப்தி.

"மெதுவாண்ணே. என் வீட்டுக்காரி உஷாராணியோடது," என்றான் அவன் தணிந்த குரலில். "வேன் ஆக்சிடென்ட்ல தோள்ல தகடு வச்சிருக்காங்க. இனிமே இழுக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. நான் வேலைக்குப் போனதும் எடுத்து எடுத்து இழுத்துப் பாக்குறா, தையல் பிரிஞ்சிருச்சு லா. அதான் வித்துட்டு, சர்வீசுக்குக் குடுத்துருக்கேன்னு அவகிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

பாலன் இதையும் நம்பவில்லை. ஆக்சிடென்ட் கதையை எத்தனை லோரிக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். சின்ன உருவம், வலது கை மார்போடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது.

"யாருங்க? வில்லு சர்வீஸ் பண்றவரா?"

இத்தனை வருஷம் மற்றவர்களின் பொய்யைப் பிடித்த மனுஷர் அந்தக் கையைப் பார்த்தார். வந்த வேகமெல்லாம் அடங்கி, அவருக்கு வெட்கமாக இருந்தது.

"ஆமாம்மா," என்றார். "முடிச்சிட்டேன். காட்டிட்டுப் போலாம்னு வந்தேன்."

உஷாராணி நாற்காலியில் உட்கார்ந்து, வில்லைப் புருஷனைப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தாள். சக்கரத்தில் திருகு நகர்ந்து நின்ற இடத்தை இடது கை விரலால் தொட்டாள். பிறகு பாலனிடம் ஓர் அம்பைப் பூட்டி வீட்டோரம் இருந்த மண் மேட்டைப் பார்த்து இழுக்கச் சொன்னாள்.

"விட்டுறாதீங்க. இழுத்துப் புடிச்சா போதும்."

பாலன் இழுத்துப் பிடித்தார். அவள் எழுந்து பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள்.

"சரி, மெதுவா எறக்கிருங்க." திரும்பிப் போய் உட்கார்ந்தாள். "நல்லாத்தான் டியூன் பண்ணிருக்கீங்கண்ணே. உங்க கைக்கு."

பாலன் தான் முடுக்கிய திருகை உள்ளங்கையால் மறைத்தார். புவனேசன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

"அம்பு எல்லாம் என் கை நீளத்துக்கு வெட்டுனது. நீங்க இழுக்கிற இழுப்புக்கு நுனி வில்லத் தாண்டி ஒரு நகம் அளவுதான் வெளிய நிக்கிது. கொஞ்சம் உள்ள நழுவுனா உங்க கையிலயே பாஞ்சிரும். காகிதத்துல எய்து பாத்தாலும் ஓட்ட சரியா விழாது. நீளமா வேற வாங்கிக்குங்க."

பாலன் அம்பின் நுனியைப் பார்த்தார். எல்லாரையும் சந்தேகப்பட்டவர் அதை மட்டும் பார்த்திருக்கவில்லை.

உஷாராணி இடது கையை நீட்டி அம்புக் கட்டைக் கேட்டாள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வில்லைக் கேட்கவில்லை.