நைனா வாங்கி வராத பழி

சித்தூர் கோர்ட்டுக்குக் கிளம்பிய தம்பி, நைனாவின் பழைய மஞ்சள் பையில் காகிதங்களைத் திணித்தபடி, "பெரியப்பா பசங்களப் பழி வாங்காம உடமாட்டேன்க்கா" என்றான்.

நைனாவும் இதே பையோடு இதையேதான் சொல்லிவிட்டுப் போவார். எங்கள் மாந்தோப்புக்குப் போகும் வழியைப் பெரியப்பா வேலி போட்டு அடைத்திருந்தார். சின்னப் பெண்ணான எனக்கு, வாங்குவது என்றால் சந்தையில் வாங்குவதுதான். பழியும் பூந்தி மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்திருந்தேன். பொழுது சாய்ந்ததும், வியர்வையும் பஸ் புகையும் வீசும் அந்தப் பைக்குள் கைவிட்டுத் துழாவுவேன்.

"பழி வாங்கினு வரலியா நைனா?"

"இல்லம்மா. அடுத்த வாய்தாவுக்குப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்துக்கொள்வார்.

பிறகு பள்ளிக்கூடத்துத் தெலுங்கில், பழியை வாங்கமாட்டார்கள், பகையைத் தீர்த்துக்கொள்வார்கள் என்று படித்தேன். எங்கள் வீட்டுத் தமிழுக்கு வாங்கத்தான் தெரிந்தது, தீர்க்கத் தெரியவில்லை. நைனா போய்விட்டார், பெரியப்பாவும் போய்விட்டார். தோப்பில் பாதி மரம் பட்டுப்போயிற்று.

தம்பி செருப்பை மாட்டினான். அவனுடைய சின்ன மகள் வாசலில் நின்று அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரப்ப கொழந்தைக்குத் துன்ன எதனா வாங்கினு வாடா" என்றேன்.