அறுபது நாளில் ஆறு நாள்

என் கம்பெனியில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் லீவு. அறுபது நாள். அதில் ஆறு நாளைப் பிரித்து எடுத்து, கென்யாவுக்குப் போய் யானையும் சிங்கமும் பார்த்துவிட்டு ஊருக்குப் போகலாம் என்று போன வருடம் எனக்கு ஓர் ஆசை வந்தது. பணம் கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தேன், அதில் சிக்கல் இல்லை. அந்த அறுபது நாளுக்கு வீட்டில் ஒருத்தி காத்திருக்கிறாள். அதுதான் சிக்கல்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஓர் இடத்தில் கால் தரிக்காது. திருப்பூர், மும்பை, பஹ்ரைன், ஓமன், தோஹா என்று சுற்றி இப்போது துபாயில் இருக்கிறேன். தோஹா தொழில்பேட்டையில் கம்பெனி மூடியபோது நான்கு மாதம் குப்பூஸ் ரொட்டியும் தயிருமாக ஓட்டினோம். பிறகு இங்கே வந்தேன். ஹோட்டல்களில் அழுக்குத் துணியை ஏற்றி அல் குசைஸில் இருக்கும் சலவைக் கம்பெனிக்குக் கொண்டுபோகும் வேன் ஓட்டுகிறேன். இத்தனை ஊர் சுற்றியும் எதையும் பார்க்கவென்று போனதில்லை. வேலை எங்கேயோ அங்கே போனேன், அவ்வளவுதான்.

ஒரு ஹோட்டலின் பின்வாசலில் துணி மூட்டைகளை எண்ணி முடிக்க அரை மணி நேரம் ஆகும். அங்கே செக்யூரிட்டி ஒரு கென்யாக்காரன். என்னைவிடப் பத்து வயது இளையவன். அவன் அரைகுறை இந்தி, நான் அரைகுறை இங்கிலீஷ். ஒருநாள் போனில் ஒரு படம் காட்டினான். செம்மண் தரை, நடுவில் ரயில் பாதை, பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு யானைக் கூட்டம். யானைகள்கூடச் செம்மண் நிறத்தில் இருந்தன.

"எங்க ஊரு. பக்கத்துல பழைய ரயில் பாலம் ஒண்ணு இருக்கு, பாய். உங்க ஆளுங்க கட்டினது."

"எங்க ஆளுங்களா?"

"வெள்ளைக்காரன் இந்தியாவுல இருந்து கூட்டியாந்தான். மூணு வருஷ காண்ட்ராக்ட். ராத்திரி கூடாரத்துல படுத்திருந்தவங்கள சிங்கம் இழுத்துட்டுப் போயிருக்கு. எங்க ஸ்கூல் புஸ்தகத்துல இருக்கு."

"அவங்கள்ல முக்காவாசிப் பேரு பஞ்சாப்காரங்களா இருக்கும்."

"எங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான்."

"லீவு உண்டா அவங்களுக்கு?"

"சில பேருக்குச் சிங்கமே குடுத்துச்சு. ஃபுல் லீவு. கலாஸ்!" என்று சொல்லிவிட்டு அவனே சிரித்தான். நானும் சிரித்தேன். வேனை எடுத்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அன்றிலிருந்து சிங்கத்தைவிட அந்த ஆட்களைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். எந்த ஏஜெண்டு சேர்த்துவிட்டிருப்பான்? என்ன சொல்லிக் கூட்டிப்போயிருப்பான்? கப்பல் இறங்கிய முதல் நாள் யார் சோறு போட்டிருப்பார்கள்? போனில் தேடிப் படித்தேன். படிப்பு கம்மியானவன் படிப்பது நேரம் பிடிக்கும், ஆனால் படித்தது மறக்காது.

கென்யாக்காரன் திட்டம் போட்டுக் கொடுத்தான். துணிக்கணக்குச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினான். முதல் நாள் நைரோபி. அங்கே ரயில் மியூசியத்தில், சிங்கம் ஏறி ஆளைத் தூக்கிப்போன பெட்டி இன்னும் இருக்கிறதாம். இரண்டாம் நாள் ரயிலில் அவன் ஊர். இரண்டு நாள் காட்டில் ஜீப். பிறகு பாலம். கடைசியில் மொம்பாசா, அங்கே போர்ச்சுக்கீசியர் கட்டி ஓமன்காரர்கள் பிடித்த கோட்டை, பழைய ஊரின் சந்துகள். "ஆறு நாள் போதும். ஜீப் டிரைவர் என் மாமா பையன். ஏமாத்த மாட்டான். கொஞ்சம் அதிகமாப் பேசுவான்" என்றான்.

ரூமில் சொன்னபோது என் கட்டிலுக்கு மேல்கட்டில்காரன் எழுந்து உட்கார்ந்தான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், ஏசி மெக்கானிக்.

"அண்ணே, சிங்கம் பாக்கணும்னா வண்டலூருக்குப் போயிட்டு வாங்க. இதுக்கு எதுக்கு ஆப்பிரிக்கா வரைக்கும்?"

"போகணும்னு இருக்குடா."

"அப்பம் வீட்ல சொல்லாதீக. லீவு ஒரு வாரம் தள்ளிப் போச்சுன்னு சொல்லிருங்க. இங்க வந்து யாரு பாக்கப் போறா?"

கெட்ட யோசனை என்று சொல்ல மாட்டேன். வளைகுடாவில் இருக்கிற எல்லோரும் இந்த மாதிரி பொய்யோடுதான் வாழ்கிறோம். தோஹாவில் சம்பளம் வராத நான்கு மாதமும் வீட்டில் பேங்க்கில் ஏதோ கோளாறு என்றுதான் சொல்லியிருந்தேன். பஹ்ரைனில் விரல் நசுங்கியபோது ஜலதோஷம் என்றேன். கஷ்டத்தை மறைக்கத்தான் இதுவரை பொய் சொன்னேன். ஆசையை மறைக்கச் சொன்னதில்லை. அது வேறு மாதிரி உறுத்தியது. ஆனாலும் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டேன்: கம்பெனியில் ஆள் பற்றாக்குறை, ஒரு வாரம் கழித்துத்தான் விடுவார்கள்.

அப்போதுதான் ஓமன் ஞாபகம் வந்தது. பாலைவனத்தில் பைப்லைன் வேலை, ஏழு மாதம் கூடார வாழ்க்கை. எங்களோடு இருந்த ஒருவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தவர் எழவில்லை. ஃபைலில் இருந்த வீட்டு நம்பர் பழையது. அவர் வீட்டுக்குச் செய்தி போக ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அவர் போன் ஆபீஸ் டிராயரில் கிடந்தது. அந்த நாட்களில் அவர் மனைவி எத்தனை முறை கூப்பிட்டாரோ. புருஷன் சைட்டில் இருக்கிறார் என்று நம்பிக்கொண்டுதான் கூப்பிட்டிருப்பார். அந்த ரயில் பாதைக்காரர்களின் வீடுகளுக்கு யார் எழுதிப்போட்டார்கள்? எழுதினார்களா? நான் காட்டுக்குள் ஜீப்பில் இருக்கும்போது என் மனைவி என்னைத் துபாயில் வைத்து நினைத்துக்கொண்டிருப்பாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோ காலில் கூப்பிட்டேன். அறந்தாங்கிப் பக்கம் எங்கள் ஊர். அவள் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தாள். மனப்பாடம் செய்ததை விட்டுவிட்டு நேராகச் சொன்னேன்.

"சிங்கத்தப் பாக்க ஆறு நாளா?" என்றாள்.

"அறுபதுல ஆறுதானே."

"அறுபதா? போன தடவ வந்தப்ப நாம ரெண்டு பேரும் சேந்து எங்க போனோம், சொல்லுங்க பாப்போம்."

"புதுக்கோட்டைக்குப் போனோமே."

"அது பத்திர ஆபீசுக்கு."

"அப்புறம் திருச்சிக்கு..."

"அது பாப்பாவ ஹாஸ்டல்ல விட. மிச்ச நாளு பூரா உங்க அக்கா வீட்டு விசேசம், கூரை மராமத்து, வந்தவங்களுக்குக் கறிச்சோறு. உங்களோட நான் உக்காந்து பேசுனது எத்தனை நாளு? நீங்களே எண்ணுங்க. அதுல ஆறு போனா மிச்சம் ஒண்ணும் வராது."

நான் எண்ணிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. கூரைக்காக ஆள் தேடிய நாட்களைக் கழித்தால் ஆறுகூடத் தேறவில்லை.

"சரி, போகல" என்றேன். உண்மையாகவே சொன்னேன். கோபமில்லை.

குழையை ஓரமாக வைத்துவிட்டு அவள் போனைக் கையில் எடுத்தாள். "போக வேணாம்னு எப்பச் சொன்னேன்? நானும் வாரேன்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"ஒங்கிட்ட பாஸ்போர்ட்டே இல்லையே."

"இத்தன வருசமா எடுத்துக் குடுத்தீங்களா?"

வெளிநாடு வந்த இந்தப் பத்தொன்பது வருடத்தில் என் பாஸ்போர்ட் இரண்டு முறை மாறியிருக்கிறது. அவளுக்கும் ஒன்று வேண்டும் என்று ஒருமுறைகூட எனக்குத் தோன்றியதில்லை. தோன்றாததுதான் என் தப்பு.

அடுத்த மாதமே அவள் விண்ணப்பம் போட்டாள். விசாரணைக்கு வந்த போலீஸ்காரர், "வீட்டுக்காரர் துபாய்லயா? அங்கதான் போறீங்களா?" என்று கேட்டாராம். "இல்லங்கய்யா, ஆப்பிரிக்கா" என்றிருக்கிறாள். "அங்க யாரு இருக்கா?" "யாருமில்ல, சும்மா பாக்கப் போறோம்." அவர் பேனாவை மூடிவிட்டு அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாராம். பிறகு டீ கேட்டாராம். இதை எனக்கு அவள் நான்கு முறை சொல்லிவிட்டாள்.

பாஸ்போர்ட் வந்ததும் திட்டம் என் கையைவிட்டுப் போனது. கென்யாவிலிருந்து இந்தியாவுக்குள் வர மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். மகளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போய்ப் போட்டுவந்தாள். ஆடுகளைப் பக்கத்து வீட்டில் பேசி வைத்தாள். மொம்பாசாவில் அரை நாளைக் குறைத்துப் பாலத்துக்கு அரை நாள் கூட்டச் சொன்னாள். "அங்க செத்தவங்களுக்குச் சமாதி ஏதாச்சும் இருக்குதா, சூடம் ஏத்த?" என்று கேட்டாள். கென்யாக்காரனிடம் விசாரித்தேன். அவனுக்குத் தெரிந்து எதுவும் இல்லை, ஆறும் பாலமும்தான் என்றான். அவளிடம் அதைச் சொன்னேன். "அப்ப சும்மா கொஞ்ச நேரம் நின்னுட்டு வருவோம்" என்றாள்.

கென்யாக்காரனும் தன் பங்குக்குத் திட்டத்தைத் திருத்தினான். மனைவி வருவதால் மாமா பையனிடம் கம்மியாகப் பேசச் சொல்லியிருக்கிறானாம்.

டிக்கெட் போட்டாயிற்று. அவள் சென்னையிலிருந்து துபாய் வந்து, விமானம் மாறி, என்னோடு நைரோபிக்கு ஏறுவாள். இடையில் மூன்று மணி நேரம். இரண்டு நாள் முன்னால் வந்தால் விசிட் விசா எடுத்துத் துபாயைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

"அங்க என்ன இருக்கு, உங்க ரூமும் வேனுந்தானே. அந்த ரெண்டு நாள எங்கருந்து எடுப்பீங்க? வீட்டுல இருக்கற நாள்லேருந்துதானே? வேணாம்."

விமான நிலையத்துக்குள்ளேயே இருக்கட்டும் என்று முடிவானது. ஆனால் அவள் இதுவரை ஒரு விமான நிலையத்தின் உள்ளே போனதில்லை. எந்த வாசல், எந்த எஸ்கலேட்டர், எங்கே உட்கார வேண்டும் என்று தினமும் கேட்கிறாள். நான் வரைந்து படம் அனுப்புகிறேன். நேற்று கடைசியாகச் சொன்னாள்:

"படமெல்லாம் எனக்குப் புரியல. நீங்க முன்னாடியே உள்ள போயி, நான் பிளேன்லேருந்து வெளிய வர்ற எடத்துல நில்லுங்க. அது போதும்."

லீவு தொடங்க இன்னும் பதினேழு நாள். அவள் விமானம் இறங்க ஐந்து மணி நேரம் முன்பே உள்ளே போய்விடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.