அண்ணன் வீட்டை மறைக்க வைத்த மரங்கள்

எழுபதுகளின் கடைசியில், சங்கரன்கோவிலில் அண்ணனும் நானும் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தோம். அண்ணன் மகள் பெரியவளான சடங்கில் ஆலாத்தித் தட்டை எடுத்த என் மனைவியின் கையைப் பிடித்து, "பிள்ளை பெறாதவ எடுக்கப்படாது" என்றாள் மதினி. ஊரே பார்த்தது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

அன்றிலிருந்து என் மனைவி அடுக்களை ஜன்னலைத் திறக்கவில்லை. "அந்த வீடு என் கண்ணுல படக்கூடாது" என்றாள். சுவர் எழுப்பினாலும் அவர்கள் மாடி தெரியும். மரம்தான் வழி என்று வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஒரு நாற்றுப் பண்ணைக்குப் போனேன்.

நான் வேம்பு கேட்டேன். பண்ணைக்காரர் சிரித்தார். "வேம்பும் புங்கையும் எலைய உதுத்துரும் அண்ணாச்சி. வருசம் பூரா மறைக்கணும்னா நெட்டிலிங்கம்தான். தரை வரைக்கும் எல தொங்கும்."

ஆள் உயரக் கன்றுகளாகப் பன்னிரண்டு எடுத்து, வேலியோரம் வரிசையாக நட்டேன். அண்ணன் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கோடையில் ஆபீஸில் என்னை ஒரு மாதப் பயிற்சிக்குத் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். மனைவி சிவகிரிக்குத் தாய் வீட்டுக்குப் போனாள். எங்கள் கிணறு வற்றிவிட்டது. கன்றுகள் கருகியிருக்கும் என்றுதான் திரும்பினேன். பன்னிரண்டும் தளிர்விட்டு நின்றன. அடியில் மண் ஈரமாக இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணன் குடத்தோடு நின்றான்.

எல்லாம் போகட்டும் என்று தோன்றியது. வேலியருகே போய், "நீயாண்ணே தண்ணி ஊத்துன?" என்றேன்.

"ஆமா. அதுக்கு என்னல இப்ப?"

"இல்ல... பெரிய உதவிண்ணே."

"உனக்காகவால ஊத்துனேன்? இது சீக்கிரம் வளந்தா எனக்கும் உன் மூஞ்சியப் பாக்க வேண்டாம்லா."

குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரைக் கடைசிக் கன்றின் அடியில் கவிழ்த்துவிட்டுப் போனான்.

அதன்பிறகு நானும் விடாமல் ஊற்றினேன். ஐந்தாறு வருடத்தில் மரங்கள் அவர்கள் மாடிக்கு மேலே போய்விட்டன. அண்ணன் மகள் கல்யாணத்துக்கு எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை. கல்யாணத்தன்று காலையில் அந்த வீட்டிலிருந்து கெட்டிமேளம் கேட்டது. என் மனைவி வருடங்களுக்குப் பிறகு அடுக்களை ஜன்னலைத் திறந்தாள். எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுமே தெரியல" என்றாள்.

அந்தப் பெண் குழந்தையாக இருந்தபோது தினமும் என் தோளில்தான் தூங்குவாள். அவளுக்குத் தாலி கட்டியவன் முகத்தை இன்றுவரை நான் பார்த்ததில்லை.