பொட்டு வைத்த குதிரை

நுவரெலியாவில் குதிரைகள் ரோட்டில் திரிவது எங்களுக்குப் புதினமில்லை. சவாரிக்கு உதவாமல் போனதும் அவிழ்த்து விட்டுவிடுகிறார்கள். அவிழ்த்து விட்டவனைக் கேட்க ஒருவருக்கும் தைரியமில்லை. குதிரையைத்தான் பிடிக்க வருவார்கள்.

அந்த வருடம் எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் ஒரு மாடுகூட இல்லை. மாட்டுப் பொங்கலுக்கு என்ன செய்வது? மலையோரம் மேய்ந்துகொண்டிருந்த ஒரு சினைக் குதிரைக்கு மாலை போட்டு, நெற்றியில் பெரிதாகக் குங்குமம் வைத்தோம். அது பொங்கலை முகர்ந்துவிட்டு மாலையைத் தின்றது.

மறுநாள் நாங்கள் தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது குதிரை பிடிக்க லொறியில் நாலு பேர் வந்தார்கள், கூடவே ஒரு மிருக வைத்தியர். எங்கே கொண்டு போகப் போகிறீர்கள் என்று நாங்கள் கேட்கக் கேட்க, சுருக்குக் கயிற்றைச் சுழற்றிக் கத்திக்கொண்டு துரத்தினார்கள். குதிரை வயிற்றைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுப் பக்கம் ஓடியது. நான் கூடையோடு போய் அவர்களை மறித்தேன். தெரிந்த சிங்களத்தை எல்லாம் கொட்டி, மிச்சத்தைத் தமிழில் திட்டினேன்.

"வயித்துல குட்டி இருக்கு, கண்ணு தெரியலையா? பஸ்ஸுல அடிபட்டா நீங்களா பிரசவம் பாப்பீங்க?"

வைத்தியர் கயிற்றைக் கீழே போடச் சொன்னார். துரத்தாததும் குதிரையும் நின்றது. அதன் நெற்றியைப் பார்த்தவர், "காகேத?" என்றார். யாருடையது?

பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சிங்களத்தில் தடுமாறாமல் வருவது ஒரே சொல்தான். பஸ் வந்தாலும் 'அப்பே', மழை வந்தாலும் 'அப்பே'. நெஞ்சில் கை வைத்து, "அப்பே!" என்றாள். எங்களுடையதாம்.

"யக்கா, என்னா சொல்லித் தொலைச்ச?"

"நம்ம வச்ச பொட்டுதானேடி? பொய்யா சொன்னேன்?"

வைத்தியர் சிரித்துவிட்டார். சொந்தக்காரர் இருந்தால் லொறியில் ஏற்ற மாட்டோம் என்று உடைந்த தமிழில் சொன்னார். ஆனால் ரோட்டுக்கு விடக்கூடாது, ராத்திரிக்கு ஒரு பட்டி வேண்டும், இப்போதே ஊசி போட வேண்டும். யார் பிடிப்பது?

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீதானே கத்துன, நீயே புடி," என்றாள் அக்கா.

மெதுவாகப் போய்க் கழுத்தைத் தடவிப் பிடித்தேன். அசையாமல் நின்று ஊசியை வாங்கிக்கொண்டு, கடைசியில் என் காலை மிதித்தது. என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

"திட்டாதடி, புள்ளத்தாச்சி!"

அன்று பின்னேரம், சும்மா கிடந்த ஆட்டுப்பட்டியைக் கழுவி, நொண்டிக்கொண்டே புல் வெட்டப் போனேன்.