விட்ட இடத்திலிருந்து

1998. புலாவ் செபாங் ரயில் நிலையத்துக்கு எதிரே, நான் குமாஸ்தாவாக இருந்த வக்கீல் அலுவலகம். என் நாட்குறிப்பின்படி புதன்கிழமை. கணினித் திரையில் ஒரு நீலக் கோடு நாற்பத்து மூன்று விழுக்காட்டில் நின்றுபோனது. அலுவலகத்துக்கு ஒரே தொலைபேசி இணைப்பு. யாராவது ரிசீவரை எடுத்தால் இணையம் அறுந்துவிடும். மேனேஜர் அன்று காலை நான்காவது முறையாக, சிரித்துக்கொண்டே எடுத்தார்.

இறங்கிக்கொண்டிருந்தது தமிழில் தட்டச்சு செய்யும் மென்பொருள். இன்று கைப்பேசியில் எடுக்கும் இரண்டு படங்களின் அளவுதான். அன்று அது மலை. இறக்கியவர் எங்கள் டைப்பிஸ்ட் அக்கா. செலண்டார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அவருடைய அம்மாவும் மற்றவர்களும் தாங்கள் குடியிருந்த தொழிலாளர் லயத்து வீடுகளைக் காலிசெய்யச் சம்மதித்துச் சனிக்கிழமை கையெழுத்திட வேண்டும். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அக்கா கைப்பட எழுதிய தமிழாக்கத்தை, "இது யாரு கிறுக்குனது?" என்று தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி தூக்கிப் போட்டிருந்தார். அச்சடித்தே கொண்டுபோவது என்று அக்கா முடிவெடுத்தார்.

"என்னம்மா, போச்சா?" என்றார் மேனேஜர்.

"எங்க சார் போகும்? விட்ட எடத்துல இருந்து பிடிச்சுக்கும்லா."

உண்மைதான். கோப்பைத் துண்டு துண்டாக வாங்கி, அறுந்த இடத்தைக் குறித்துவைத்து, இணைப்பு திரும்பியதும் தொடரும் நிரல் ஒன்றை அக்கா முன்பே நிறுவியிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு உட்காரவும் இல்லை. கோடு பின்னணியில் நகர்ந்துகொண்டிருக்க, அக்கா தட்டச்சு செய்த கடிதங்கள் ஒவ்வொன்றாக மேனேஜர் மேசைக்குப் போயின.

"ஆபீஸ் லைன்ல தோட்டத்து வேலையா?"

"ஒங்க லெட்டர் ஒண்ணாச்சும் பாக்கி இருக்கா சார்? சொல்லுங்க, இப்பவே நிறுத்துறேன்."

ஒன்றும் பாக்கியில்லை. வியாழன் பிற்பகல் கோடு நிறைந்து கணினி மணியடித்தது. வெள்ளிக்கிழமை தமிழ்த் தாள் அச்சானது.

சனிக்கிழமை நானும் உடன் போனேன். கிராணி பேனாவை நீட்டினார். அக்காவின் அம்மா அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, தமிழ்த் தாளில் விரலை ஊன்றி எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"பெரியம்மா, லோரி வெயிட் பண்ணுது. ஒரு சைன்தானே!"

அம்மா நிமிர்ந்தார், விரல் அசையவில்லை. "இருங்க கிராணி. பாதிதான் ஆயிருக்கு."

மீதியையும் படித்தார். பின்பு பேனாவை மூடி, கிராணியின் சட்டைப்பையில் அவரே செருகினார்.

"மாத்து வீடு எங்கேன்னு இதுல காணோமே. எழுதிக் கொண்டாங்க. அதையும் தமிழ்ல."