இன்னாசி மச்சான் வைத்த பெயர்கள்

எங்கள் கரையில் ஞானஸ்நானப் பெயரைச் சொல்லி ஆளை விசாரித்தால் பங்குச் சாமியாரே முழிப்பார். பட்டப்பெயரைச் சொன்னால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டிவிடும். தங்கச்சிமடத்தில் அந்தப் பெயர்களில் பாதி இன்னாசி மச்சான் வைத்தவை. என் அக்கா லீமாரோஸின் புருஷன்; விசைப்படகு டிரைவர். நான் அதே படகில் வலை இழுக்கிறவன். காய்ச்சலில் உளறிய ஒருவருக்கு 'ரேடியோ' என்று வைத்தார். அவர் செத்த பிறகு அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட ரேடியோ வீடு எது என்றுதான் கேட்டார்கள். நல்ல மனுஷன்தான். ஆனால் அந்த வாய் இருக்கிறதே!

அவர் வளர்த்த கடுவன் நாய் டைகர். படகு திரும்பினால் இறங்குதுறையில் முதல் ஆளாக நிற்கும். ஒரு மழைக்காலத்தில் அதன் காம்புகள் வீங்கத் தொடங்கின. இடுப்பு மயிர் கொட்டியது. தெருவில் உள்ள கடுவன் நாய்கள் எல்லாம் அதன் பின்னாலேயே சுற்றின. கரையே சிரித்தது. மச்சான் சும்மா இருப்பாரா? டைகருக்கு 'ராணி' என்று பெயரை மாற்றிவிட்டார்.

கேலி ஒரு பக்கம் இருந்தாலும், நாய் சோற்றைத் தொடாமல் படுத்த அன்றைக்கே ஆட்டோ பிடித்து இராமநாதபுரம் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். டாக்டரம்மா அதன் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"இதுக்கு ஒரு விதை கீழ இறங்கவே இல்ல. உள்ளயே கட்டியாயிருக்கு. அந்தக் கட்டி பொம்பளைச் சுரப்பைச் சுரக்குது. எடுத்துட்டா சரியாயிரும்."

"மனுசனுக்கு இப்படி வருமா டாக்டர்?" என்று மச்சான் கேட்டார்.

"வரும். ஆனா ரொம்ப அபூர்வம்."

அடுத்த கேலிக்கு அடி போடுகிறார் என்று நான் நினைத்தேன். ஆபரேஷன் முடிந்து நாய் தேறியது. மயிர் முளைத்தது, காம்பு வற்றியது. பெயர் மட்டும் ராணியாகவே நின்றுவிட்டது.

மச்சானின் விதையிலும் அப்போதே கெட்டியாக ஒரு முடிச்சு இருந்திருக்கிறது. வலியில்லை. மார்பு இரண்டும் லேசாக மேடிட்டிருக்கின்றன. கடலில் வெற்றுடம்போடு நிற்கிற மனுஷன், கொளுத்துகிற வெயிலிலும் சட்டையைப் பூட்டிக்கொண்டு படகோட்ட ஆரம்பித்தார். ஏன் என்று கேட்டால், "உப்புக்காத்து ஒத்துக்கல மாப்ளே" என்பார். பிறந்ததிலிருந்து ஒத்துக்கொண்ட காற்று! நாங்களும் நம்பினோம்.

எங்கள் பக்கத்தில் விதை வீங்கினால் நீர் கோத்திருக்கிறது என்பார்கள், இல்லாவிட்டால் வலை இழுத்துக் குடல் இறங்கிவிட்டது என்பார்கள். அதற்கெல்லாம் ஆபரேஷன் உண்டு, காலமும் உண்டு. கோடையில் படகுகள் கடலுக்குப் போகக் கூடாத மீன்பிடித் தடைக்காலம்தான் அது. கல்யாணம், வீட்டுக்கு வெள்ளையடிப்பது, கண் ஆபரேஷன், எல்லாம் அப்போதுதான். படகு கரையில் கிடக்கும்போது மனுஷனும் கட்டிலில் கிடந்தால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். தொழில் நடக்கும்போது கிடந்தால் கேட்பார்கள். பதில் சொன்னால் பெயர் வைப்பார்கள். மகன் ரெக்ஸுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்த நேரம் வேறு. நாயை அன்றைக்கே ஏற்றிக்கொண்டு ஓடியவர், தன்னைத் தடைக்காலத்துக்குத் தள்ளி வைத்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

தடைக்காலம் வந்ததும் நீர் எடுக்கப் போகிறேன் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு மதுரைக்குக் கிளம்பினார். அக்காவிடமும் அதையேதான் சொல்லியிருந்தார். அங்கே விதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் என்னையும் அக்காவையும் உட்காரவைத்துப் பேசினார்.

"விதையில வழக்கமா வர்ற புத்துன்னா, இவ்வளவு பரவியிருந்தாலும் மருந்துலயே அனேகமாக் காப்பாத்திருவோம். இது அந்த வகை இல்ல. ரொம்ப அபூர்வம். மருந்துக்கும் ரேடியேஷன் கரண்டுக்கும் சரியா அடங்காது. பரவுறதுக்கு முன்னாடி வந்திருந்தா, எடுத்ததோட முடிஞ்சிருக்கும்."

அக்கா முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். வயிற்றுக்குள் முதுகெலும்பை ஒட்டிப் பரவியிருந்ததை மறுபடியும் வெட்டினார்கள். கொஞ்சம் வந்தது, கொஞ்சத்தைத் தொட முடியவில்லை. அக்கா ஓரியூர்ப் புனிதர் கோவிலுக்குப் போய், நோய் தீர்க்கும் என்று நம்புகிற செம்மண்ணைக் கொண்டுவந்து தினமும் அவர் வயிற்றில் பூசினாள். நான் இளநீர் வாங்கிக் கொடுத்தேன். அதற்கு மேல் எங்களால் என்ன செய்ய முடியும்? பக்கத்தில் உட்கார்ந்து மனுஷன் கரைவதைப் பார்க்கத்தான் முடிந்தது.

போன வாரம் படகு ஆட்கள் வீட்டுக்குப் பார்க்க வந்தார்கள். மச்சான் சிரமப்பட்டு எழுந்து உட்கார்ந்தார். சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். உடம்பெல்லாம் எலும்பு. மார்பு மட்டும் பெண்பிள்ளை மார்பாக இருந்தது.

"நல்லாப் பாருங்கலே," என்றார். "என்ன பேரு வைக்கப் போறீகளோ, இப்பவே வச்சிட்டுப் போங்க. நான் இருக்கயிலயே கேட்டுக்கிறேன்."

ஒருவன் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தான். மச்சான் எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினார்.

"ஒருத்தனும் வைக்கல ரோசு. இவனுகளுக்குத்தான் நான் பயந்துக்கிட்டு இருந்தேன்."